துக்காங் எமாஸ் தெருவும் அதன் மக்களும்

காலை எட்டு மணிக்கு மலாக்கா நகரின் ஜாலான் துக்காங் எமாஸ் இன்னும் முழுமையாக விழித்திருப்பதில்லை. கடைகளின் மரக்கதவுகள் மூடியே இருக்கும். பொய்யாத விநாயகர் கோயிலில் காலைப் பூசை முடிந்து, கற்பூர மணம் தெருவரை வந்து நிற்கும். சில அடிகள் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசலின் தொழுகைக்குளத்தில் நீர் சலசலக்கும் ஓசை கேட்கும். அதனையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீன ஆலயத்தின் ஊதுபத்திப் புகை. மூன்று சமயங்களின் வழிபாட்டு இடங்கள் ஒரே தெருவில், ஐந்து நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்திருப்பதால் மக்கள் இதனை நல்லிணக்கத் தெரு என்றும் அழைக்கின்றனர்.

மலாக்காவிற்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர் இத்தெருவுக்கு வருவதே இல்லை. செந்நிறக் கட்டடங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இசையை அலறவிட்டுக்கொண்டு வரும் பெச்சாவில் ஒரு சுற்று வருவார்கள். ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். அவர்கள் பார்த்ததும் மலாக்காதான். ஆனால், ஒரு பழைய நகரத்தைப் புரிந்துகொள்ள அதன் கட்டடங்களோடு அங்கு வாழ்ந்தவர்களையும் வாழ்பவர்களையும் அறிய வேண்டியுள்ளது.

நெல்லி மரத்தடியில் பிறந்த துறைமுகம்

பலெம்பாங் இளவரசரான பரமேசுவரா ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் இந்நகரை நிறுவினார். அவர் மரத்தடியில் இளைப்பாறியபோது, வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளியதாகவும், அந்த மரத்தின் பெயரையே அவர் தம் ஊருக்குச் சூட்டியதாகவும் மலாய் வரலாற்றுக் கதை கூறுகிறது. அந்த மலாக்கா மரம் வேறெதுவுமன்று. தமிழர் நன்கறிந்த நெல்லி மரமே அது. நெல்லியைக் குறிக்கும் 'ஆமலகம்' என்னும் வடசொல்லிலிருந்தே 'மலாக்கா' என்ற பெயர் வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

கதை எப்படியிருந்தாலும், இவ்வூரை வளர்த்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து வந்த பாய்மரக் கப்பல்களைக் கிழக்கு நோக்கித் தள்ளியது. வடகிழக்குப் பருவக்காற்று சீனாவின் கப்பல்களைத் தெற்கே கொண்டுவந்தது. இரு காற்றுகளும் சந்திக்கும் இடத்தில், நீரிணையின் குறுகிய பகுதியில், மலாக்கா அமைந்திருந்தது. சோழமண்டலக் கரையின் துணியும் சீனத்துப் பட்டும் பீங்கானும் மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் இங்கே கைமாறின.

காற்று திரும்பும்வரை வணிகர்கள் ஊர் திரும்ப முடியாது. எனவே மாதக்கணக்கில் தங்கினர். தங்குவதற்கு வீடும், சரக்கை வைக்கக் கிடங்கும், வழிபடக் கோயிலும் தேவைப்பட்டன. சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே குடியேறினர். பல மொழி பேசும் மக்கள் பக்கத்துப் பக்கத்து வீதிகளில் வாழ நேர்ந்ததற்கு இந்தக் காத்திருப்பே முதற்காரணம்.

மலாக்கா சுல்தான்கள் துறைமுகத்தை நிருவகிக்க நான்கு சபண்டார்களை அமர்த்தினர். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்தும் வந்த வணிகர்கள் இருந்தனர். போர்த்துக்கீசியர் காலத்தின் தொடக்கத்தில் இங்குத் தங்கியிருந்த தோமே பீரெஸ், இந்நகரில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்துள்ளார். அத்துறைமுகத்தில் தமிழ் வணிகர்களுக்கு இருந்த செல்வாக்கை மலாய்மொழியிலேயே இன்றும் காணலாம். கப்பல், கடை, பெட்டி, கட்டில், திரை, மாம்பழம் என்னும் நம் சொற்கள் கப்பால், கெடாய், பெத்தி, காத்தில், திராய், மெம்பெலாம் என்று அம்மொழியில் வழங்குகின்றன. அனைத்தும் வாங்கவும் விற்கவும் ஏற்றவும் இறக்கவும் உரியவற்றின் பெயர்கள்!

ஆட்சிகள் மாறிய குன்று

1511-ஆம் ஆண்டில் அல்புகெர்க்கின் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். 1641-இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து பறித்தனர். 1824-ஆம் ஆண்டின் ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கைக்குப் பிறகு நகரம் ஆங்கிலேயர் வசமானது. இவ்வளவு கைமாற்றங்களையும் செயின்ட் பால் குன்றைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தே பார்த்துவிடலாம்.

போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆ ஃபாமோசா கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாயில். அதிலும் மேலே பொறிக்கப்பட்டுள்ள சின்னம் டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தினுடையது, ஆண்டு 1670. வென்றவர்கள் கோட்டையை இடிக்காமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அதனை இடித்தவர்கள் பின்னர் வந்த ஆங்கிலேயர்கள். எதிரிகள் கையில் கோட்டை சிக்கிவிடக்கூடாது என்று 1807-ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். இந்த ஒற்றை வாயில் பிழைத்ததற்கு ராஃபிள்சின் தலையீடு காரணம் என்பர்.

குன்றின் அடியிலுள்ள சதுக்கத்தில் டச்சு ஆளுநரின் மாளிகையாகிய ஸ்டாட்தைஸ் இருக்கிறது. இது 1650-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. பக்கத்திலுள்ள கிறிஸ்து தேவாலயம் 1753-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கூரையைத் தாங்கும் நீண்ட உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் அறுக்கப்பட்டவை. படங்களில் நாம் காணும் செந்நிறம் டச்சுக்காரர் பூசியது என்று பலரும் எண்ணுகின்றனர். டச்சுக் காலத்தில் இக்கட்டடங்கள் வெண்ணிறமாகவே இருந்தன; சிவப்பு, ஆங்கிலேயர் காலத்தில் வந்தது.

அருகிலுள்ள பாடாங் பஹ்லாவான் திடலில்தான் 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் விடுதலை நாளை அறிவித்தார். ஒரு காலத்தில் இத்திடலின் ஓரத்தில் கடல் இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை வெகுதூரம் விலகிப் போய்விட்டது. கோட்டை ஏன் கடலைப் பார்க்காமல் பேரங்காடியைப் பார்த்து நிற்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

மூன்று கோபுரங்கள்

ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வணிகர்களின் மலாக்கா தொடங்குகிறது. தெருப்பெயர்களே அங்கு வாழ்ந்தவர்களின் தொழிலைச் சொல்லும். துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர்; துக்காங் பெசி என்றால் இரும்புக்கொல்லர்.

பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-ஆம் ஆண்டில் எழுந்தது. மலாக்கா செட்டி சமூகத்தின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு அளித்த நிலத்தில் இது கட்டப்பட்டது. நாட்டின் மிகப் பழைமையான இந்துக் கோயில்களுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் பெருங்கோயில்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இது சிறியதாகவே தோன்றும். முகப்பில் உயர்ந்த இராசகோபுரம் இல்லை. கடைவீடுகளின் வரிசையில் தானும் ஒன்றாக அமைந்திருக்கிறது. கருங்கல்லால் ஆன விநாயகர் மூலவராக வீற்றிருக்கிறார். சுப்பிரமணியருக்கும் தனி இடம் உண்டு.

அடுத்து வருவது கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-ஆம் ஆண்டில் மரத்தால் கட்டிய பள்ளிவாசல், 1872-இல் செங்கல் கட்டடமாக மாற்றப்பட்டது. இதற்குக் குவிமாடம் கிடையாது. மூன்றடுக்குக் கூம்புக் கூரை சுமத்திரா, ஜாவா பாணியில் உள்ளது. தனித்து நிற்கும் தொழுகை அழைப்புக் கோபுரம் சீனப் பகோடாவை நினைவூட்டும். உள்ளே கிரேக்க-ரோமானிய பாணித் தூண்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பளிங்கு ஓடுகள். மேலே ஆங்கிலேயர் காலத்துச் சரவிளக்கு. யாரும் இதனை 'கலப்புக் கலை' என்று திட்டமிட்டுச் செய்யவில்லை. கொத்தனார் ஒருவர், தச்சர் ஒருவர், ஓடு விற்றவர் ஒருவர் என அன்று கிடைத்த கைகளைக் கொண்டு கட்டினார்கள்.

பள்ளிவாசலின் பெயரிலுள்ள 'கிளிங்' என்னும் சொல்லைப் பற்றி இங்கே கூற வேண்டும். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், பழங்காலத்தில் தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்தது. காலப்போக்கில் அது இழிவுபடுத்தும் சொல்லாயிற்று. இன்று ஒருவரை அச்சொல்லால் குறிப்பது அவரைப் புண்படுத்தும். இடப்பெயர்களில் மட்டும் பழைய வரலாற்றின் தடமாக அது தங்கியிருக்கிறது.

தெருவின் தொடர்ச்சியில் செங் ஹூன் தெங் ஆலயம். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, மலேசியாவில் இன்றளவும் வழிபாடு நடைபெறும் சீன ஆலயங்களுள் மிகப் பழைமையானது. கருணைத் தேவியாகிய குவான் யின்னுக்கு உரியது. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க வேண்டும். உடைந்த பீங்கான் கிண்ணங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் செய்த பூக்களும் பறவைகளும் மனித உருவங்களும் வெயிலில் மின்னும்.

மூன்று இடங்களும் வழிபாட்டுக்கு உரியவை. காலணியைக் கழற்றுவதும், தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவதும், வழிபடுபவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாமல் இருப்பதும் வருகையாளர் கடமை. தொழுகை வேளையில் பள்ளிவாசலின் உட்கூடத்திற்குள் செல்லலாகாது.

சுவர் மூச்சுவிடும் வீடு

கோயில்களைச் சூழ்ந்திருக்கும் பழைய வீடுகளும் கவனிக்கத்தக்கவை. முகப்பு குறுகலாகவும் உட்பகுதி மிக நீளமாகவும் இருக்கும். முகப்பின் அகலத்தைக் கொண்டு வரி விதிக்கப்பட்டதால் இப்படிக் கட்டினர் என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். இவ்வளவு நீண்ட வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வருவது எப்படி? நடுவில் கூரையில்லாத முற்றம் ஒன்றை விட்டார்கள். வெப்பக்காற்று அதன் வழியே மேலேறும். தெருப்பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மழைநீரும் அங்கேயே விழுந்து வடியும். தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் உள்ள முற்றத்தின் வேலையும் இதுவே. இருவரும் ஒரே வெயிலுக்கு ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

சுவர்களின் இரகசியம் சுண்ணாம்பில் இருக்கிறது. மலாக்கா தாழ்வான கடலோர நகரம். நிலத்தடி ஈரம் செங்கல் வழியாகச் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் உடையது. ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். இதனைத்தான் பழைய கட்டடங்களைப் பாதுகாப்போர் 'சுவர் மூச்சுவிடுகிறது' என்பர். பழுதுபார்க்க வருபவர் விவரமறியாமல் சிமெண்டைப் பூசிவிட்டால், மூச்சு அடைபடும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு செங்கல்லில் தேங்கும். உப்பு படிகமாகி விரியும்போது செங்கல் பொடிப்பொடியாக உதிரும். புதிதாகவும் உறுதியாகவும் தோன்றும் சுவர், சில ஆண்டுகளில் உள்ளிருந்தே அழியத் தொடங்கும். நன்மை செய்வதாக எண்ணிப் பழைய வீட்டைக் கெடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

முறையான சீரமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஹீரன் தெருவின் எட்டாம் எண் வீட்டில் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கடைவீட்டை மலேசியப் பாரம்பரியக் கழகமான 'படான் வாரிசான் மலேசியா' பழைய முறையிலேயே சீரமைத்திருக்கிறது. அதே தெருவில் பாபா-ஞோஞா செல்வர்களின் பெருவீடுகளும் உண்டு. ஹீரன் தெருவின் இன்றைய பெயர் ஜாலான் துன் தான் செங் லோக்.

தோட்டப்புறத்து மாணவர் ஒருவர் அப்பெருவீடுகளின் வண்ண ஓடுகளையும் பொன்முலாம் பூசிய மரச்செதுக்குகளையும் பார்க்கும்போது அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் மலாக்கா பாபா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை உருவாக்கினார். பின்னர் புக்கிட் அசாஹானில் அதனினும் பெரிய தோட்டம் எழுந்தது. அடுத்த பல ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் பால்மரக் காடுகள் பரவின. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, அம்மரங்களை வெட்டிப் பால் எடுத்தனர். நகரத்துத் தெருக்களின் அழகில் தோட்டங்களின் உழைப்புக்கும் பங்கு இருக்கிறது. இதனைச் சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பொற்கொல்லர் எங்கே?

ஜாலான் துக்காங் எமாசில் இன்று பொற்கொல்லரைத் தேடினால் காண்பது அரிது. தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் அவர்களின் இடத்தைப் பிடித்துள்ளன. இந்த மாற்றத்திற்கு ஒரு சட்டத்தின் கதை பின்னணியாக இருக்கிறது.

1948-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் உயர்த்த முடியாதபடி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்துவந்தது. அதனால் தச்சர், தகரக்கொல்லர், தையற்காரர், சிறு வணிகர் முதலியோர் நகரின் நடுவிலேயே குறைந்த வாடகையில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். இதற்கு மறுபக்கமும் உண்டு. கிடைத்த சிறு வாடகையில் உரிமையாளர்கள் வீட்டைப் பழுதுபார்க்கவில்லை. கூரைகள் ஒழுகின, உத்தரங்கள் கறையானுக்கு இரையாயின. 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகை சந்தை விலைக்கு வந்தது. வாடகை உயரவே, கொடுக்க முடியாதவர்கள் வெளியேறினர். அவர்களோடு அவர்களின் தொழில்களும் வெளியேறின.

சில வீடுகளில் மனிதருக்குப் பதிலாகப் பறவைகள் குடியேறின. வாலிட் எனப்படும் உழவாரக் குருவியின் கூடு சீன உணவில் விலையுயர்ந்த பொருள். சன்னல்களை அடைத்து, உள்ளே இருட்டையும் ஈரத்தையும் உண்டாக்கி, பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிபரப்பி அவற்றை ஈர்த்தனர். அந்த ஈரம் மரத்தையும் சுவரையும் எந்நிலைக்குக் கொண்டுவரும் என்பது சுண்ணாம்பின் கதையை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் இணைந்து மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பல இனமக்கள் பல நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்து உருவாக்கிய பண்பாடு அந்தத் தகுதிக்கு முக்கியக் காரணமாகக் காட்டப்பட்டது. தகுதி கிடைத்ததால் பழைய கட்டடங்களை நினைத்தபடி இடிக்க முடியாத நிலை வந்தது. வேலைவாய்ப்பும் வருமானமும் பெருகின. வருகையாளர் கூட்டமும் பெருகியது. முகப்பைப் பாதுகாக்கச் சட்டம் போடலாம். அம்முகப்பின் பின்னால் ஒரு குடும்பம் சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழவேண்டும் என்று சட்டம் போடுவது எளிதன்று.

சியோல் நகரம் கண்ட வழி

இச்சிக்கல் மலாக்காவுக்கு மட்டும் உரியதன்று. தென்கொரியத் தலைநகர் சியோலில் கியோங்போக்குங், சாங்டோக்குங் என்னும் இரு அரண்மனைகளுக்கு இடையே புக்சோன் என்ற பழைய குடியிருப்பு உள்ளது. மரச்சட்டமும் வளைந்த ஓட்டுக் கூரையும் கொண்ட ஹனோக் வீடுகள் மேட்டுத் தெருவின் இருபுறமும் நெருக்கமாக நிற்கும். தரைக்கு அடியில் வெப்பத்தைச் செலுத்தி வீட்டைச் சூடாக்கும் ஒண்டோல் முறை அவ்வீடுகளின் சிறப்பு. குளிர்நாட்டுக்காரர் தரையைச் சூடாக்கினர். வெயில்நாட்டுக்காரர் கூரையைத் திறந்தனர்.

தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்த தெருவை நேரில் காண ஆயிரக்கணக்கானோர் புக்சோனுக்கு வரத் தொடங்கினர். அங்குள்ள வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் கூச்சல், சன்னல் வழியே எட்டிப் பார்த்தல், குப்பை ஆகியவற்றைப் பொறுக்க முடியாமல் பலர் வீட்டைவிட்டுப் போயினர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைகள் போதவில்லை. இறுதியில், 2024-ஆம் ஆண்டு நவம்பரில் நெரிசல் மிகுந்த பகுதிக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. மாலை ஐந்து மணி முதல் மறுநாள் காலை பத்து மணிவரை சுற்றுலாப் பயணிகள் அங்கு நுழையலாகாது. 2025-ஆம் ஆண்டு மார்ச் முதல், மீறுவோருக்கு ஒரு லட்சம் வோன் தண்டம் விதிக்கப்படுகிறது. குடியிருப்பவர்கள் தங்கள் மாலைப்பொழுதைத் திரும்பப் பெற்றனர். பயணிகளை நம்பியிருந்த சில கடைக்காரர்களோ முணுமுணுத்தனர். எந்த ஏற்பாட்டிலும் ஒருவருக்கு இழப்பு உண்டு.

மலாக்காவின் நிலை சற்று வேறு. ஜோங்கர் தெருவில் வார இறுதி இரவுகளில் வாகனங்களை நிறுத்திவிட்டுச் சந்தை நடத்துகிறார்கள். அங்கு மாலைப்பொழுது பயணிகளுக்கே உரியது. புக்சோன் போலக் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு அத்தெருவில் குடித்தனங்கள் இருந்தால் அல்லவா கட்டுப்பாடு கேட்கப்படும்?

காஜா பெராங்கில் எஞ்சியிருப்பவர்கள்

பழைய துறைமுகத்தில் காற்றுக்காகக் காத்திருந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். இவர்களை நாட்டுக்கோட்டைச் செட்டியாருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நகரத்தார் வந்தது மிகவும் பிற்காலத்தில். நகரின் நடுவே வாழ்ந்த மலாக்கா செட்டிகள் பின்னர் காஜா பெராங் பகுதிக்குச் சென்று குடியமர்ந்தனர். அங்குள்ள ஸ்ரீ முத்து மாரியம்மன் கோயில் 1822-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்ச்சொற்கள் கலந்த ஒருவகை மலாய்மொழி. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் அணிவர். சமையலில் சம்பாலும் உண்டு, சாம்பாரும் உண்டு. ஆயினும் சைவ சமயத்தை விடவில்லை. பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி என்னும் பெயர்களையும் விடவில்லை. வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கும். பொங்கலுக்கு முன்னாளில் மூதாதையருக்கு வாழையிலையில் உணவு படைத்து 'பார்ச்சு' கொண்டாடுவர். மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்று அழைப்பர். சாச்சார் என்றால் அம்மைநோய். மொழி மாறிப்போன பின்பும், அம்மையைத் தணிக்கும் அம்மன் மாறவில்லை.

மொழியை இழந்த பின்னரும் ஒருவர் தமிழரா என்று இவர்களைக் குறித்துச் சிலர் கேட்பதுண்டு. தோட்டத்துத் தமிழர் பள்ளிக்கூடத்தின் வழியாக மொழியைக் காத்தனர். மலாக்கா செட்டிகள் கோயிலின் வழியாக வழிபாட்டைக் காத்தனர். ஒருவர் காத்ததை மற்றவர் இழந்திருக்கலாம் என்பதால், ஏளனத்துக்கு இதில் இடமில்லை.

இச்சிற்றூரையும் நகர வளர்ச்சி நெருக்குகிறது. அருகில் அடுக்குமாடிகளும் விடுதியும் கட்டும் திட்டம் வந்தபோது, அமைதியும் வழிபாட்டு மரபும் குலையும் என்று குடியிருப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இளைஞர்கள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்வதால் ஆண்டின் பெரும்பகுதியில் பல வீடுகளில் முதியவர்களே இருக்கின்றனர். உலகப் பாரம்பரிய எல்லைக்கு வெளியே உள்ள இந்த ஊருக்கு வருகையாளர் குறைவு. ஊரிலுள்ள சிறு அரும்பொருளகத்தில் செட்டி மக்களின் மணவணிகளையும் பாத்திரங்களையும் பழைய நிழற்படங்களையும் காணலாம்.

வெள்ளித் தேர்

ஆண்டில் சில நாள்களில் மட்டும் துக்காங் எமாஸ் தெரு தன் பழைய நெரிசலைத் திரும்பப் பெறுகிறது. டத்தோ சாச்சார் திருவிழாவின்போது காஜா பெராங் மாரியம்மன் கோயிலுக்கும் பொய்யாத விநாயகர் கோயிலுக்கும் இடையே செட்டி மக்களின் ஊர்வலம் நடைபெறும். கெபாயா உடுத்திய மூதாட்டிகளும் வேட்டி கட்டிய இளைஞர்களும் அதில் நடந்து வருவர்.

மாசி மகத்தன்று கூட்டம் இன்னும் பெரிது. பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சுப்பிரமணியர் வெள்ளித் தேரில் புறப்பட்டு, செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்வார். நகரத்தார் முன்னின்று நடத்தும் இவ்விழாவுக்கு ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்வர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டவர்களும் அன்று காவடியும் பால்குடமுமாகத் திரும்பி வருவார்கள்.

தேர் வெளிவரும் தெரு குறுகலானது. கடைவீடுகளின் முகப்பில் உரசிவிடாதபடி இருபுறமும் ஆட்கள் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பள்ளிவாசலின் கூம்புக் கூரையும் செங் ஹூன் தெங்கின் பீங்கான் பறவைகளும் பக்கத்திலேயே இருக்கும். மேல்மாடி விடுதியின் சன்னல்களிலிருந்து பயணிகள் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். கீழே, தட்டில் தேங்காயும் பழமும் ஏந்தியவர்கள் தேர் தங்கள் முன் நிற்கும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள்.